ஆத்தேயின் நட்சத்திரத்தைக் கழற்றியவருக்கு

வியாழக்கிழமை ராத்திரி நம் கட்டட வாட்ஸ்அப் குழுவில் வந்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். குப்பைத் தொட்டி மேல் கிழிந்து கிடந்த அந்த நட்சத்திரம், என் அறைத்தோழி ஆத்தே கட்டி இங்கே துபாயில் எங்கள் வீட்டு வாசலில் தொங்கவிட்டது. "கிறிஸ்துமஸுக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு, இந்த பிலிப்பினோக்களுக்குப் பைத்தியமா?" என்று எழுதிப் போட்டவர் தமிழர். சிரித்தவர்களில் பாதிப் பேரும் நம்மவர்கள்தான். எனக்கு அதுதான் ஆறவே இல்லை.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர்கள் ஊரான பிலிப்பைன்ஸில் 'பர்' என்று முடியும் மாதம் பிறந்தாலே கிறிஸ்துமஸ்தான். செப்டம்பர் 1 அன்றே கடைகளில் பாட்டு ஆரம்பித்துவிடும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. சாமான் நிரப்பி வீட்டுக்கு அனுப்பும் பாலிக்பயான் பெட்டி கப்பலில் போகிறது. போய்ச்சேர ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். டிசம்பரில் பிள்ளைகள் பிரிக்க வேண்டுமென்றால் செப்டம்பரிலேயே கட்ட உட்கார வேண்டும்.

ஆத்தே என்றால் அவர்கள் மொழியில் அக்கா. எங்கள் அறையில் கீழ்க்கட்டில் அவருக்கு, மேல்கட்டில் எனக்கு. பம்பாங்கா மாகாணத்துக்காரர். ராட்சத நட்சத்திர விளக்குகளுக்குப் பேர்போன சான் பெர்னாண்டோ இருக்கிற மாகாணம். துபாய்க்கு வந்து 11 வருடம் ஆகிறது. அதில் ஊரில் இருந்த கிறிஸ்துமஸ் இரண்டே இரண்டு.

போன வருடம் பெட்டி கட்டும்போது பக்கத்தில் இருந்தேன். ஆத்தேயின் அம்மா பேத்தியின் காலைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். ஆத்தே அதே அளவில் செய்தித்தாளை வெட்டிக்கொண்டு கராமாவில் கடை கடையாக ஏறினார். ஒவ்வொரு ஷூவுக்குள்ளும் அந்தக் காகிதக் காலை விட்டுப் பார்த்தார். கடைசியில் ஒரு அளவு பெரியதாக எடுத்தார். "கப்பல் போறதுக்குள்ள வளர்ந்திடும்" என்றார்.

அந்தக் கைகள்தான் பாரோல் கட்டின. பாரோல் என்பது நட்சத்திர விளக்கு. பத்து மூங்கில் குச்சி, நடுவில் முட்டுக்கொடுக்க ஐந்து சின்னக் குச்சி, மேலே மெல்லிய வண்ணத் தாள். நாகர்கோவிலில் எங்கள் தெருவில் டிசம்பரில் தொங்குமே, அதேதான். அதைப் பார்த்துமா உங்களுக்கு ஊர் ஞாபகம் வரவில்லை?

என் முதல் டிசம்பர் இங்கே. 25ஆம் தேதி இங்கே விடுமுறை கிடையாது, எனக்கு டியூட்டி. அதற்கு முந்தின வாரம் ஒரு ராத்திரி ஆத்தே கோவிலிலிருந்து வந்தார். டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள் 'சிம்பாங் கபி' பூசை. ஊரில் விடியுமுன் நடப்பது, வேலைக்குப் போகிறவர்களுக்காக இங்கே சாயங்காலம் வைக்கிறார்கள். கையில் ஒரு பொட்டலம். உள்ளே ஊதா நிறத்தில் புட்டு! மூங்கில் குழாயில் அவித்து, தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் போட்டது. பூத்தோ பும்போங் என்றார். ஒரு வாய் வைத்ததும் அழுதுவிட்டேன். ஆத்தே எதுவும் கேட்கவில்லை, பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

24ஆம் தேதி ராத்திரி எட்டு மணி. ஊரில் அப்போது நடுநிசி, நோச்சே புவேனா விருந்து. போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்து அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே ஆத்தே இங்கே சோறு சாப்பிட்டார். அங்கே கேமரா இலக்கில்லாமல் சுற்றிச் சுற்றிக் காட்டியது. ஆத்தேயின் மகள் தட்டோடு எங்கோ ஓடிவிட்டாள்.

"பொது நடைபாதை, வயர் தொங்குது, தீப்பிடிச்சா?" என்பீர்கள். சரி, அது நியாயம். சொல்லியிருந்தால் அன்றே உள்ளே எடுத்திருப்பார். கிழிக்க என்ன அவசியம்?

"இவ்வளவு ஏக்கம் இருந்தா ஊருக்கே போகவேண்டியதுதானே" என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். எப்படிங்க மனசு வந்தது? 1974இல் பிலிப்பைன்ஸ் அதிபர் மார்க்கோஸ் ஆட்சியின் தொழிலாளர் சட்டம் தொடங்கி, ஆளை வெளியே அனுப்புவதை அந்த அரசாங்கமே திட்டமாக நடத்திவருகிறது. இன்று 20 லட்சம் பேருக்கும் மேல் வெளியே உழைக்கிறார்கள். 1988இல் ஹாங்காங்கில் அதிபர் கொராசோன் அக்கினோ அவர்களைப் 'புதிய நாயகர்கள்' என்றார். நாயகி என்று சொல்லிவிட்டால் பிள்ளையைப் பார்க்காத வருடங்கள் திரும்பி வந்துவிடுமா? நாமும் கடனுக்காகத்தானே இங்கே கிடக்கிறோம். நாம் மட்டும் போய்விட்டோமா?

நீ என்ன அவங்க ஆளா என்று கேட்பவர்களுக்கு: ஆமாம். போன பொங்கலுக்குப் பணம் பிரித்தபோது நீங்கள் எங்கள் கதவையும் தட்டினீர்கள், ஞாபகம் இருக்கிறதா? என்ன பண்டிகை, எதற்கு என்று கேட்காமல் ஆத்தே 20 திர்ஹாம் எடுத்துக் கொடுத்தார். பொங்கலன்று பாத்திரமும் கழுவினார். தை மாதம் அவர் நாட்காட்டியில் இல்லை.

கிழிந்ததை ஆத்தே ஒன்றும் சொல்லாமல் எடுத்துவந்து கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டார். நான்தான் வெளியே எடுத்தேன். குச்சி இரண்டு முறிந்திருக்கிறது, நூல் சுற்றியாயிற்று. தாள் சிவப்பு கிடைக்கவில்லை, மஞ்சள் வாங்கினேன். வயர் இல்லாமல் பேட்டரி விளக்கு வைத்திருக்கிறோம். இப்போது சமையலறை மேடையில் கோந்து காய்ந்துகொண்டிருக்கிறது. காலையில் அதே ஆணியில் மாட்டுவேன். ஆட்சேபம் இருப்பவர்கள் கதவைத் தட்டிக் கேளுங்கள், வீட்டில்தான் இருப்பேன்.