ஆம்ப் நாபைக் குறைப்பது ஸ்பீக்கருக்குப் பாதுகாப்பு இல்லை

"ஆம்ப்ளிஃபையர் நாபைப் பாதியில் வையுங்கள், பாதி பவர்தான் போகும், ஸ்பீக்கர் எரியாது" என்று சிலர் சொல்வதுண்டு. இது தவறு, இதை நம்பி டிரைவரை (ஸ்பீக்கருக்குள் ஒலி எழுப்பும் பாகம்) எரித்துவிடாதீர்கள்.

பெரும்பாலான ஆம்ப்களில் அந்த நாப் உள்ளே வரும் சிக்னலைத்தான் குறைக்கிறது, ஆம்பின் பவரை இல்லை. முழு பவருக்கு 1.4 வோல்ட் கேட்கும் ஆம்பில் நாபை 12 டெசிபல் இறக்கினால் அதே முழு பவருக்கு 5.6 வோல்ட் வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். சாதாரண மிக்ஸர்கூட கிளிப் ஆகும் (சிக்னல் எல்லை மீறி உருக்குலையும்) முன் 7 வோல்ட்டுக்கு மேல் தள்ளும். சத்தம் போதவில்லை என்று யாராவது மிக்ஸரில் மாஸ்டர் ஃபேடரை (மொத்த சத்தத்தை மாற்றும் சறுக்குப் பட்டன்) ஏற்றினால் (ஏற்றாமல் இருப்பார்களா?) பழைய கதைதான். ஸ்பீக்கரைக் காப்பது சரியாக அமைத்த லிமிட்டர், அதாவது சிக்னல் ஒரு அளவைத் தாண்டாமல் தடுக்கும் கருவி.

நாபை இறக்குவதில் ஒரு நன்மை உண்டு, ஹிஸ் (பின்னணியில் கேட்கும் 'ஸ்ஸ்' இரைச்சல்) குறையும். ஆனால் முதலில் மிக்ஸரைச் சரி செய்யுங்கள். பாடகரை மேடையில் பாடும் அளவுக்கே பாடச் சொல்லி, டிஜிட்டல் மிக்ஸர் என்றால் மீட்டரில் சராசரி மைனஸ் 18 டெசிபல் அருகிலும் உச்சம் மைனஸ் 6-ஐத் தாண்டாமலும் கெய்னை (மைக் சிக்னலை முதலில் பெருக்கும் அளவு) வையுங்கள். சவுண்ட் செக்கில் மெதுவாகப் பாடிவிட்டு நிகழ்ச்சியில் கத்துவார்கள், அதற்கும் இடம் விடுங்கள். ஃபேடர்கள் 0 டெசிபல் குறியை ஒட்டி நிற்கட்டும். அப்புறம் அரங்குக்கு எவ்வளவு சத்தம் வேண்டுமோ அதற்கு ஏற்ப ஆம்ப் நாபைத் திருப்புங்கள்.