டெலீட் அழுத்தினால் டெலீட் ஆகிறதா?

சட்டமெல்லாம் வக்கீல் பார்த்துக்கொள்வார், நம் வேலை புரோகிராம் எழுதுவது மட்டும்தான் என்று சென்னையில் ஐடி கம்பெனிகள் நிறைந்த ஓ.எம்.ஆர். பக்கம் இன்னும் பல பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், "லீகல் டீம் ஒரு கன்சென்ட் பாப்அப் அனுப்புவாங்க, போட்டுடலாம்" என்பதுதான் பதில், அதாவது திரையில் ஒரு சம்மதப் பெட்டி வந்தால் போதுமாம். கடுப்பாக இருக்கிறது.

அந்தச் சட்டம் கேட்பது என்ன? சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். வாங்கிய காரியம் முடிந்ததும், வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னாலொழிய, தரவை அழிக்க வேண்டும். படிக்க இரண்டு வரிதான். ஆனால் நம் சிஸ்டங்களில் எதுவும் அழிவதே இல்லையே! வாடிக்கையாளர் டெலீட் அழுத்தினால் டேட்டாபேஸில் 'அழித்தாயிற்று' என்று காட்டும் ஒரு ஃப்ளாக் 0-விலிருந்து 1 ஆகும், அவ்வளவுதான், பெயரும் போன் நம்பரும் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். அப்புறம் பேக்கப், லாக் (சிஸ்டம் தன் நடவடிக்கைகளை எழுதிவைக்கும் பதிவு), அனலிடிக்ஸுக்கு எடுத்த நகல், டெஸ்டிங்குக்காக எப்போதோ யாரோ இறக்கிவைத்த எக்ஸெல். எங்கெங்கே போனது என்றே தெரியாத தரவை எங்கே போய் அழிப்பது? ஒவ்வொருவர் தரவையும் தனித்தனி டிஜிட்டல் சாவியால் என்கிரிப்ட் செய்து, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிவிட்டு, அழிக்கச் சொன்னால் சாவியை மட்டும் அழிக்கும் வழி இருக்கிறது, பேக்கப்பில் கிடப்பதும் படிக்க முடியாமல் போய்விடும். ஆனால் அதை முதல் நாளே யோசித்திருக்க வேண்டும்; பல வருடம் ஓடிய சிஸ்டத்துக்குள் இப்போது நுழைப்பது பெரிய ரோதனை.

2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் லாகுகளை 180 நாள் வைத்திருக்கச் சொன்னது. ஒருவர் அழி என்கிறார், இன்னொருவர் வைத்துக்கொள் என்கிறார் என்று புலம்புவதில் அர்த்தமில்லை. லாகில் போன் நம்பரை எழுதாதே, முடிந்தது பிரச்சினை. (பாதிப் பேர் ஓடிபியையே லாகில் எழுதுகிறோம், அது தனிக் கதை.)

டிசைனையே மாற்ற வைத்த விதி என்றால் ரிசர்வ் வங்கியுடையதைச் சொல்வேன். 2022 அக்டோபர் 1 முதல் வணிகத் தளங்கள் முழு கார்டு நம்பரைச் சேமிக்கக் கூடாது, அதற்குப் பதில் அந்தத் தளத்துக்கு மட்டும் செல்லும் ஒரு மாற்று எண், அதாவது டோக்கன்தான். அப்போது எல்லோரும் முணுமுணுத்தார்கள். இன்றைக்கு ஒரு தளத்தை உடைத்து டோக்கனைத் திருடினாலும், வேறு கடையில் அதை வைத்து ஒன்றும் வாங்க முடியாது. கார்டைச் சேமிக்க பயனாளரிடம் சம்மதம் கேட்கத்தான் வேண்டும், ஆனால் பாதுகாப்பு அந்த டிக்கில் இல்லை, டிசைனுக்கு உள்ளேயே வந்துவிட்டது.

இதற்கு நேர் எதிராக, வேளச்சேரியில் ஒரு மருந்துக் கடை. பத்து பாராசிட்டமாலுக்குப் போன் நம்பர் கேட்டார்கள். தர மாட்டேன் என்றேன். "நம்பர் போடாம அடுத்த ஸ்கிரீன் போகாது சார்" என்று சொன்ன பையன், பத்து ஒன்பதுகளை அடித்து பில் போட்டுக் கொடுத்தான். அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கச் சொல்லி எந்தச் சட்டமும் கேட்கவில்லை, எங்கேயோ ஒரு டெவலப்பர் யோசிக்காமல் வைத்தது.

2025 நவம்பரில் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகளும் வந்துவிட்டன, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். பில்லிங் சாஃப்ட்வேர் எழுதுகிறவர் யாராவது இதைப் படித்தால், பாப்அப் அப்புறம் போடலாம், முதலில் அந்த போன் நம்பருக்குப் பக்கத்தில் 'கட்டாயம்' என்று காட்டும் சிவப்பு நட்சத்திரத்தை எடுங்கள்.