ரவையைச் சிறிதாக்கியது இரக்கம் அல்ல

கிளிநொச்சிக் கூட்டத்தில் அந்தப் பேச்சாளர் சொன்னதையும், முன்வரிசை தலையாட்டியதையும் காணொளியில் பார்த்திருப்பீர்கள். இக்காலத்து இலகு ரவைகள் ஆளைக் கொல்வதற்கல்ல, காயப்படுத்துவதற்கே வடிவமைக்கப்பட்டவையாம். வன்னிச் சனத்துக்கு முன்னால் நின்று இதைச் சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும்.

ரவையைச் சிறிதாக்கியது இரக்கம் அல்ல, கணக்கு. பெரும்பாலான சண்டைகள் சில நூறு மீற்றருக்குள் முடிந்துவிடுவதைக் கண்ட ஜேர்மனியர், இரண்டாம் உலகப் போரில் 7.92×33 (துப்பாக்கிக் குழலின் விட்டமும் ரவைக் கோதின் நீளமும், மில்லிமீற்றரில்) என்ற குட்டை ரவையைக் களமிறக்கினார்கள். அதற்குரிய துப்பாக்கி கையில் அகப்பட்டதும் சோவியத் தரப்பு 1943இல் 7.62×39ஐ வடிவமைக்கத் தொடங்கியது. அதைச் சுடும் கலாஷ்னிகோவின் துப்பாக்கி (ஏகே-47) படைக்கு வந்தது 1949இல். ரவை முன்னே, துப்பாக்கி பின்னே. 1891ஆம் ஆண்டின் பழைய 7.62×54 ரவை ஏறத்தாழ 22 கிராம், புதியது 16 கிராம். அதே பாரத்துக்குக் கூடுதல் ரவை கொண்டுபோகலாம்; உதைப்பு குறைவதால் தொடர்ந்து சுடும்போதும் குறி அதிகம் விலகாது. இதில் கருணை எங்கே வருகிறது?

"அவர் 5.56ஐப் பற்றியல்லவா சொன்னார்" என்று ஒரு நண்பர் உள்பெட்டியில் திருத்துகிறார். நன்று. அமெரிக்கர் கொண்டுவந்த அந்த இன்னும் சிறிய ரவை 12 கிராம். அதே கணக்கின் அடுத்த வரி. கிட்டத்தில் பட்டால் அந்த ரவையிலிருந்து பறக்கும் சன்னம் உடலுக்குள் புரண்டு உடைவதைப் போர்க்கள வைத்தியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

"நீர் என்ன ஆயுத நிபுணரா?" இல்லை. இங்கே போரில் இரு தரப்பும் தூக்கிய ரி-56க்கு (கலாஷ்னிகோவின் சீனப் பிரதி) 7.62×39தான் ரவை என்பதை அறிய நிபுணராக வேண்டியதில்லை. புதுக்குடியிருப்பில் மாமாவின் மரம் அரியும் மில்லில் ஒரு முதிரைக் குற்றியை அரியும்போது வாளின் பல் உடைந்தது. மரத்துக்குள் புதைந்திருந்தது ஒரு சன்னம். அதன் அறுபட்ட முகத்தில் செம்பு நிற விளிம்பு, அதனுள் மெல்லிய ஈயம், நடுவில் உருக்கு. சுற்றிலும் மரம் கருநீலமாகக் கறுத்திருந்தது. ஈயத்தை மிச்சம் பிடிக்கத்தான் அந்த உருக்கு. அங்கேயும் கணக்குத்தான். (அந்தப் பலகையைப் பாதி விலைக்கும் எவரும் வாங்கவில்லை.)

ஒரு பேச்சுக்கு அவர் சொல்வதையே ஏற்போம். காயம் என்றால் சின்ன விடயமா? என் சின்னம்மாவின் இடுப்பில் தங்கிய சன்னத்தை எடுப்பது ஆபத்தென்று வைத்தியர்கள் விட்டுவிட்டார்கள். பின்னர் முதுகு நோவுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனபோது, உள்ளே உருக்கு இருக்கக்கூடும் என்பதால் காந்த அறைக்குள் விடவில்லை. அது அவர்கள் செய்ய வேண்டியதுதான். ஆனால் காயப்படுத்த மட்டுமே செய்த ரவை என்று ஒலிவாங்கியில் சொன்னவர், சின்னம்மா நாற்றுநடப் போகும் நடையை ஒருநாள் பார்த்திருக்கிறாரா?

"பழையதைக் கிளறாதீர்" என்பவர்களுக்கு: கூட்டம் வைத்துக் கிளறியது நான் அல்லவே. முன்வரிசையில் இருந்த நம்மூர்ப் பெரியவர்கள் ஒருவராவது எழும்பிக் கேட்டிருக்கலாம். பொன்னாடை தோளில் இருந்தால் எழும்புவது கஷ்டம் போலும்.

அடுத்த கூட்டம் முல்லைத்தீவில் என்று அறிவித்திருக்கிறார்கள். வருவேன். கேள்வி நேரம் தந்தால் கேட்பேன், தராவிட்டாலும் கேட்பேன்.