ரெண்டு வட்டி என்றால் எத்தனை சதவீதம்?

போன வாரம் தம்பி மகன் புது போன் வாங்கிய தாளைக் கொண்டுவந்து காட்டினான். பி.காம். முதலாம் ஆண்டு படிக்கிறான். தம்பி பெயரில் 12,000 ரூபாய் கடன், 12 மாதத் தவணை. "12 சதவீதம்தான் வட்டி, அத்தை" என்றான் பெருமையாக.

தாளில் 'ஃபிளாட்' என்று ஒரு சொல் இருந்தது. என்னவென்று கேட்டேன், தெரியவில்லை. தனிவட்டி, கூட்டுவட்டி சூத்திரங்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற பிள்ளை அவன்.

பாக்கி குறைந்தாலும், முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசிவரை வட்டி போடுவதுதான் ஃபிளாட். சரி என்று பேனாவோடு உட்கார்ந்தோம். வருட வட்டி 1,440. அசலோடு சேர்த்து வகுத்தால் மாதம் 1,120. அதில் 1,000 அசல், 120 வட்டி. முதல் மாதம் பாக்கி 12,000 என்பதால் 120 ரூபாய் நியாயம்தான். ஆறு மாதம் கட்டிய பிறகு பாக்கி 6,000, அப்போதும் 120. கடைசி மாதம் பாக்கி வெறும் 1,000, அதற்கும் அதே 120. அந்த வரிக்கு வந்ததும் பையன் முகம் மாறிவிட்டது. "ஒரே மாசத்துக்கு நூத்துக்குப் பன்னிரண்டா, அத்தை?" என்றான். குறைகிற அசலுக்கு மட்டும் அதே 12 சதவீதம் போட்டிருந்தால் மொத்த வட்டி 800 ரூபாயைத் தொட்டிருக்காது. இவர்கள் வாங்குவதை அந்தக் கணக்குக்கு மாற்றினால் ஆண்டுக்கு 21 சதவீதத்துக்கும் மேல்!

இதை அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

நம் ஊரில் வட்டிக்கென்று தனிப் பேச்சே இருக்கிறது. "ரெண்டு வட்டிக்கு வாங்கினேன்" என்றால் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய். ஆண்டுக்கு 24 சதவீதம். வங்கி சொல்லும் 11 சதவீதம் ஆண்டுக்கு. ஆனால் காதில் விழுவது 2-ம் 11-ம்தான். 11 அதிகம் என்று வங்கிப் படியே ஏறாத குடும்பங்களை எனக்குத் தெரியும். தண்டல் இன்னும் மோசம். 10,000 என்று எழுதிக்கொண்டு 8,500-ஐக் கையில் கொடுப்பார்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 1,500 தானே என்று தோன்றும். ஆண்டுக் கணக்கில் அது 100 சதவீதத்தைத் தாண்டிவிடும். காய்கறிக் கடை போடும் அம்மா அதைக் கட்டிக்கொண்டிருக்க, மகள் வகுப்பில் வட்டிக் கணக்கில் முழு மதிப்பெண் வாங்குகிறாள். இரண்டும் ஒரே கணக்கு என்று அவளுக்கு யார் சொல்வது? பள்ளிப் பாடத்தில் பணவீக்கம், பற்று, வரவு எல்லாம் அப்புறம் இருக்கட்டும். முதலில் வீட்டில் புழங்கும் இந்தச் சொற்களை ஆண்டுச் சதவீதமாக மாற்றக் கற்றுக்கொடுங்கள்.

ஒன்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தனிநபர் தவணைக் கடன் எதுவானாலும், கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதத்தைக் காட்டும் விவரத் தாளை, கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளுக்கும் ஃபைனான்ஸ் நிறுவனங்களுக்கும் இது கட்டாயம். தமிழில் கேளுங்கள். கையெழுத்துக்கு முன்னால் கேளுங்கள்.

நேற்று மாலை பையன் மறுபடி வந்தான். கையில் அவன் அம்மாவின் அடகுச் சீட்டு. ஒன்றரை வட்டி. "பதினெட்டு, அத்தை" என்றான், நான் பேனா எடுப்பதற்குள்.