"பரம்பரைதான்" என்பது பாதி வாக்கியம்

சில மாதங்களுக்கு முன் என் ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்த மருத்துவர், ரத்தக் கொழுப்பில் ஒரு வகையான ட்ரைகிளிசரைடும் இடுப்புச் சுற்றளவும் கூடுதலாக இருக்கின்றன, நல்ல கொழுப்பு குறைவாக இருக்கிறது என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, "அப்பாவுக்கும் இருந்ததுதானே, பரம்பரைதான்" என்று முடித்துக்கொண்டார். அவர் சொன்னது தவறில்லை. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குள் எழுந்த நிம்மதி தவறானது என்பதைப் பிறகு இது குறித்து வாசிக்க வாசிக்கத்தான் உணர்ந்தேன்.

மெட்டபாலிக் சிண்ட்ரோம் எனப்படும் வளர்சிதை மாற்றக் கோளாறு தனியொரு நோயன்று. வயிற்றுப் பகுதிக் கொழுப்பு, டெசிலிட்டருக்கு 150 மில்லிகிராமைத் தொட்ட அல்லது தாண்டிய ட்ரைகிளிசரைடு, எச்.டி.எல். எனப்படும் நல்ல கொழுப்பின் குறைவு, 130/85 அளவை எட்டிய ரத்த அழுத்தம், வெறும் வயிற்றில் 100 அல்லது அதற்கு மேற்பட்ட சர்க்கரை ஆகிய ஐந்தில் ஏதேனும் மூன்று ஒருவரிடம் சேர்ந்திருந்தால் அதற்கு வைக்கப்பட்ட பெயர் அது. இவை ஒன்றாகக் கூடி வருவதற்கு இன்சுலின் எதிர்ப்பே, அதாவது சுரக்கும் இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காத நிலையே, அடிப்படை என்று 1988இல் அமெரிக்க மருத்துவர் ஜெரால்ட் ரீவன் வாதிட்டார். அதற்குப் பின், இப்படி ஒரு தொகுப்புப் பெயர் வைப்பதால் தனித்தனியே பார்ப்பதைவிட அதிகமாக எதுவும் தெரியவருகிறதா என்று 2005இல் அமெரிக்க, ஐரோப்பிய நீரிழிவுச் சங்கங்கள் கூட்டாகவே கேள்வி எழுப்பின. மரபணு ஆய்வுகளைப் பார்த்தால் அந்தக் கேள்வி நியாயமானதாகவே எனக்குப் படுகிறது. எடுத்துக்காட்டாக, ஜி.சி.கே.ஆர். என்ற மரபணுவின் ஒரு மாறுபாடு ட்ரைகிளிசரைடைக் கூட்டுகிறது. அதே மாறுபாடு வெறும் வயிற்றுச் சர்க்கரையைச் சற்றே குறைக்கிறது. ஐந்து அளவுகோல்களில் ஒன்றைக் கெடுத்து இன்னொன்றைச் சீராக்கும் இந்த மரபணுவை நல்லது என்பதா, கெட்டது என்பதா? இந்தக் கோளாற்றுக்கென்று தனியாக ஒரு மரபணு இருக்கும் என்ற எதிர்பார்ப்பை முதலில் கைவிட வேண்டியிருக்கிறது.

ஒரு மக்கள் குழு முழுவதற்கும் "உங்கள் மரபணு அப்படி" என்று சொல்லும் பழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. பஞ்ச காலங்களில் கொழுப்பைச் சேமித்து வைக்க உதவிய மரபணுக்களே, உணவு தட்டுப்பாடின்றிக் கிடைக்கும் காலத்தில் நீரிழிவுக்குக் காரணமாகின்றன என்ற "சிக்கன மரபணு" கருதுகோளை 1962இல் மரபியலாளர் ஜேம்ஸ் நீல் முன்வைத்தார். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வாழும் பீமா பழங்குடியினர் வெகுகாலம் இந்தக் கருதுகோளின் நடமாடும் சான்றுகளாகக் காட்டப்பட்டனர். அவர்களிடையே நீரிழிவு அவ்வளவு பரவலாக இருந்தது. ஆனால் எல்லைக்கு அப்பால், மெக்சிகோவின் மலைப்பகுதியில், மரபணு அளவில் அவர்களுக்கு மிக நெருக்கமான பீமா மக்கள் உடலுழைப்பு மிகுந்த வாழ்க்கையையே வாழ்ந்துவந்தனர். 2006இல் வெளியான ஒப்பீட்டின்படி, அரிசோனா பீமாக்களில் நீரிழிவு ஏறத்தாழ 38 விழுக்காடு. மெக்சிகோ பீமாக்களில் 6.9 விழுக்காடு. எல்லைக்கோடு மனிதரின் டி.என்.ஏ.வை மாற்றுவதில்லை. அரிசோனாவில் அந்த மக்களின் வேளாண்மைக்கு உயிராக இருந்த ஆற்று நீர் குடியேறிகளால் திருப்பிவிடப்பட்டதையும், அதன் பின் அவர்களுடைய உணவும் உழைப்பும் மாறிப்போனதையும் விட்டுவிட்டு மரபணுவை மட்டும் பேசினால், ஒரு வரலாற்று அநீதி உயிரியல் விதியாக உருமாறிவிடுகிறது. என் கோபம் இங்கேதான் தொடங்குகிறது.

அதற்காக மரபணுவே பொருட்டில்லை என்று மறுபுறம் சாய்வதும் பிழை. சில மக்கள் குழுக்களில் செய்யப்பட்ட ஆய்வுகள், வேறெங்கும் கிடைத்திருக்க முடியாத அறிவைத் தந்துள்ளன. கிரீன்லாந்தின் பூர்வகுடிகளான இனுயிட் மக்களிடையே டி.பி.சி.1.டி.4 என்ற மரபணுவில் ஒரு மாறுபாடு பரவலாக இருப்பது 2014இல் கண்டறியப்பட்டது. பெற்றோர் இருவரிடமிருந்தும் அதைப் பெற்றவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ பத்து மடங்கு கூடுகிறது. அவர்களுடைய தசைகள் இன்சுலினின் கட்டளைப்படி சர்க்கரையை உள்ளிழுக்கத் தடுமாறுவதால், வெறும் வயிற்றில் அளந்தால் சர்க்கரை சரியாகவே தெரியும். குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து அளந்தால்தான் குறை வெளிப்படும். அந்த மக்களிடம் போய் ஆராய்ந்திராவிட்டால், எந்தப் பரிசோதனை அவர்களுக்குப் பொருந்தும் என்பதே தெரியாமல் போயிருக்கும்.

பசிபிக் தீவு நாடான சமோவாவின் மக்களிடம் கிடைத்தது இதைவிட வியப்பானது. சி.ஆர்.இ.பி.ஆர்.எஃப். என்ற மரபணுவின் ஒரு மாறுபாடு அங்கே ஏறத்தாழ 45 விழுக்காட்டினரிடம் குறைந்தது ஒரு பிரதியாவது (தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து பெற்றது) இருக்கிறது; பசிபிக் தீவு மக்களுக்கு வெளியே அது ஏறக்குறைய இல்லை. ஒவ்வொரு பிரதிக்கும் உடல் நிறைக் குறியீடு சுமார் 1.4 கூடுகிறது. 2016இல் இது வெளியானபோது, நீல் தேடிய சிக்கன மரபணு கடைசியில் அகப்பட்டுவிட்டது என்றே பலருக்கும் தோன்றியிருக்கும். ஆனால் அதே மாறுபாடு உள்ளவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது. எடையைக் கூட்டும் மரபணு சர்க்கரை நோயிலிருந்து காக்கிறது என்றால், "குண்டாக இருப்பது, நீரிழிவு வருவது எல்லாம் ஒரே மரபணுச் சங்கிலி" என்ற நம் வீட்டுத் திண்ணைக் கோட்பாடு அங்கேயே அறுந்துவிடுகிறது.

எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைத்தது எஃப்.டி.ஓ. மரபணு. 2007இல் உடல் பருமனோடு தொடர்புடையதாக அடையாளம் காணப்பட்ட இதன் மாறுபாட்டை இரு பிரதிகளாகப் பெற்றவர்கள், அது இல்லாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதல் எடையுடன் இருக்கின்றனர். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வில் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த தரவுகளைப் பகுத்து 2015இல் வெளியான ஒரு கட்டுரை, 1942க்குப் பின் பிறந்தவர்களிடம்தான் இந்த மரபணுவுக்கும் எடைக்கும் இடையிலான தொடர்பு தெளிவாகத் தெரிகிறது என்று காட்டியது. அதற்கு முன் பிறந்தவர்களிடமும் அதே மரபணு இருந்தது. ஆனால் அது எடையில் தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை. உடல் பருமனில் இத்தனை விழுக்காடு மரபுவழி என்று செய்தித்தாள்கள் அச்சிடும் எண்ணை இந்த வெளிச்சத்தில்தான் வாசிக்க வேண்டும். அந்த எண், ஒரு குறிப்பிட்ட காலத்தில் ஒரு குறிப்பிட்ட சூழலில் வாழ்பவர்களுக்கு இடையிலான வேறுபாட்டில் மரபின் பங்கைச் சொல்கிறது. தாத்தாவுக்கு இல்லாதது பேரனுக்கு ஏன் வந்தது என்பதற்கு அதில் விடையில்லை. இரண்டு மூன்று தலைமுறைக்குள் மரபணு அவ்வளவு வேகமாக மாறுவதும் இல்லை.

இப்போது உமிழ்நீர் மாதிரியை அனுப்பினால் அபாய மதிப்பெண் வந்துவிடுகிறது. இத்தகைய பன்மரபணு மதிப்பெண்களுக்கு அடிப்படையான ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஐரோப்பிய வம்சாவளியினர். அந்தக் கணக்கை வேறு மக்களிடம் பொருத்தும்போது துல்லியம் குறைகிறது, ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் வெகுவாகவே குறைகிறது. ஓர் எளிய நாடாவால் அளக்கும் இடுப்புச் சுற்றளவுக்கே, ஐரோப்பிய ஆண்களுக்கு 94 சென்டிமீட்டர், தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் என்று தனித்தனி வரம்புகள் தேவைப்படும்போது, ஆயிரக்கணக்கான மரபணுப் புள்ளிகளைக் கூட்டிக் கழிக்கும் மதிப்பெண்ணை மட்டும் எல்லோருக்கும் பொதுவென்று எப்படி விற்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

அபாயம் உண்மையிலேயே இருந்தால்? அதற்கும் ஒரு விடை உண்டு. நீரிழிவின் விளிம்பில் இருந்த 3,234 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2002இல் முடிவு வெளியான தடுப்பு ஆய்வில், உணவையும் உடற்பயிற்சியையும் சீர்ப்படுத்திய குழுவில் புதிதாக நீரிழிவு வருவது, மருந்தில்லாத வெற்று மாத்திரை பெற்ற குழுவைவிட 58 விழுக்காடு குறைவாக இருந்தது. பின்னர் டி.சி.எஃப்.7.எல்.2 என்ற, வகை 2 நீரிழிவோடு வலுவான தொடர்புடைய மரபணுவை அதே மக்களிடம் ஆராய்ந்தபோது, வெற்று மாத்திரை பெற்ற குழுவில் அந்த மாறுபாட்டை இரு பிரதிகளாகக் கொண்டவர்களின் அபாயம் தெளிவாக உயர்ந்து நின்றது. வாழ்க்கைமுறையை மாற்றிய குழுவிலோ அந்த வேறுபாடு பெரிதும் மங்கிப்போயிருந்தது.

மருத்துவமனைப் படிவங்களில் பெற்றோருக்கு இருந்ததா, உடன்பிறந்தோருக்கு இருக்கிறதா என்று கேட்கிறார்கள், கேட்க வேண்டியதுதான். ஆனால் ரத்த உறவே இல்லாத தம்பதியரிடையேகூட, ஒருவருக்கு நீரிழிவு இருந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. அவர்கள் பகிர்ந்துகொள்வது ஒரே அடுப்பையும், ஒரே உறங்கும் நேரத்தையும், ஒரே நாற்காலிப் பழக்கத்தையும். நான் நிரப்பிய படிவத்தில் துணைவரைப் பற்றிக் கேட்கும் கட்டம் இல்லை. ஓரத்தில் நானே எழுதிவிட்டு வந்தேன்.