மத்திக் குழம்போடு ட்ரை ரெட் ஒயினா?

"ட்ரை ரெட் ஒயின்னா வாயை உலர்த்துற ஒயின். ரூம் டெம்பரேச்சர்ல, மத்திக் குழம்போட குடிச்சா அருமை" என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். மூன்றுமே சரியில்லை.

ட்ரை என்பது இனிப்பின்மை. லிட்டருக்குப் பொதுவாக 4 கிராமுக்குள்தான் சர்க்கரை மிஞ்சியிருக்கும். நாக்கை இழுத்துப் பிடிப்பது டானின், அதாவது துவர்ப்பு. நாவல்பழம் தின்ற பிறகு ஈறு சொரசொரப்பாவது போலத்தான். இனிப்பான ஒயினிலும் டானின் இருக்கலாம்.

ரூம் டெம்பரேச்சர் என்பது ஐரோப்பாவின் குளிர்ந்த வீடுகளை வைத்துச் சொன்னது, 16 முதல் 18 டிகிரி. ராமேஸ்வரத்தில் மே மாத அறை 32-ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் ஆல்கஹால் நெடி மூக்கில் ஏறி, பழ வாசனையை அமுக்கிவிடும். ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் பாட்டிலைக் கழுத்துவரை 10-15 நிமிடம் வையுங்கள். வெறும் ஐஸ் போதாது, தண்ணீர் இருந்தால்தான் பாட்டிலைச் சுற்றிலும் குளிர் படும்.

மீன் விஷயம்தான் முக்கியம். ஒயினில் உள்ள இரும்புச்சத்து மத்தி, நெத்திலி போன்ற எண்ணெய் மீனின் கொழுப்போடு சேரும்போது கவுச்சி கிளம்பும். விழுங்கிய பிறகும் தொண்டையில் நிற்கும். மிளகாய்க் காரமோ ஆல்கஹாலால் இன்னும் எரியும். கொழுப்புள்ள ஆட்டுக்கறி சுக்காவுக்கு இதே ஒயின் நன்றாகப் பொருந்தும். கறியின் புரதம் டானினைப் பிடித்துக்கொள்வதால் துவர்ப்பு மட்டுப்படும். மிளகாயைக் குறைத்து மிளகைக் கூட்டுங்கள். மீன்தான் வேண்டுமென்றால், சீலா வறுவலோடு நன்கு குளிர்ந்த வெள்ளை ஒயின்.