ஃப்ரண்ட் லோடுக்கு இரண்டு மடங்கு பவுடர் வேண்டாம்

"ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷினில் தண்ணீர் குறைவு, அழுக்கு போகாது, டாப் லோடுக்குப் போடுவதைவிட இரண்டு மடங்கு பவுடர் போடுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு.

டாப் லோடில் துணி தண்ணீரில் மூழ்கிச் சுழலும். ஃப்ரண்ட் லோடில் டிரம் துணியை மேலே தூக்கித் தூக்கிக் கீழே போடுகிறது, கல்லில் அடித்துத் துவைப்பதுபோல. அந்த அடியில்தான் அழுக்கு கழலும். பவுடர் கூடி நுரை பொங்கினால் அது மெத்தை மாதிரித் தாங்கிக்கொள்ளும், அடி விழாது. அலசும்போதும் நுரை முழுதாகப் போகாது. கதவு ரப்பரின் மடிப்பை விரலால் விலக்கிப் பாருங்கள். வழவழவென்று கறுப்பாகப் படிந்திருந்தால், மிஞ்சிய சோப்பும் அதற்கு ஒரு காரணம்.

ஃப்ரண்ட் லோடுக்கென்றே விற்கும் நுரை குறைந்த பவுடர் போதும். அளவு பாக்கெட்டிலேயே இருக்கிறது, மெஷின் கையேட்டிலும் சரிபார்க்கலாம். உப்புத்தண்ணீர் வீடுகளில் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படலாம், அவ்வளவுதான். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.